வாழையிலையில் கட்டிய புலி

ஓடிப்போனாளாம்! வெயில் கிணற்றுக் கட்டில் ஏறின பிறகு, ஆறு பெண்கள் தண்ணீர் கோரிக்கொண்டு நிற்கையில், கட்டின புருஷன் நடையில் நின்று பார்க்க, மாமியார்க்காரி நானே தாழை நீக்கிவிட, நிதானமாகப் படியிறங்கி நடந்தவள் என் மருமகள் சத்தியபாய். அதற்குப் பெயர் ஓட்டம் என்றால், நானும்தான் ஞாயிறுதோறும் கோயிலுக்கு ஓடுகிறேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

நேற்று லீலாபாய் என்னிடமே கேட்கிறாள். போன தையில் இந்த ஊருக்கு வாழ வந்தவள். அவளுக்கு என்ன தெரியும்? காதில் விழுந்ததை வாயால் சொல்கிறாள்.

"பாட்டி, ஒங்க மருமவ போவும்போ பெரிய பொதிச்சோறு கெட்டிக்கிட்டுல்லா போனா? அப்போ மொதல்லயே நெனச்சு வச்சதுதானே? பஸ்சில ஒரு ஆம்பிள பக்கத்தில இருந்தானாமே?"

"ஏட்டி, பஸ்சுன்னா பக்கத்தில ஆளு இருக்கத்தான் செய்வான். மடியிலயா இருந்தான்?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் பொதிச்சோற்றை மட்டும் விடவில்லை. அதனால்தான் இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்வதை அழகாக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த இலைப்பொதியைக் கட்டியவள் நான். அதற்குள் சோறு இல்லை. புலி இருந்தது.

சத்தியபாய் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. நாகர்கோவிலில் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தாள். அங்கே பெண்களுக்குச் சட்டை ஓரத்தில் தைக்கிற ரேந்தை பின்னப் பழக்குவார்கள். தலையணையில் அட்டையைக் குத்தி, அட்டையில் ஊசிகளைக் குத்தி, நூலை அங்குமிங்கும் மாற்றிப் போட்டுச் சீமைக்குப் போகிற ரேந்தை. இவள் அந்த அட்டையின் ஓரத்தில் பூவுக்குப் பதிலாக ஒரு கீரியை ஊசியால் குத்தி வைத்திருந்தாளாம். விடுதியை நடத்துகிற வெள்ளைக்கார மிஸியம்மா அடிக்கப் போகிறாள் என்று மற்ற பிள்ளைகள் காத்திருந்தார்கள். மிஸியம்மா உள்ளே போய் ஒரு கறுத்த பலகையை எடுத்துவந்து இவள் கையில் கொடுத்தாள்.

அந்தப் பலகை சீமைச் சரக்கு. அடியில் வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் கறுப்பு மை. ஊசியால் கீறினால் கறுப்பு விலகி உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். அப்படிக் கீறின படத்தை வைத்து அச்சுக்கூடத்தில் கட்டை செய்து, பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தில் அடிப்பார்கள். இங்கிலீஷில் அதற்கு ஒரு பெயர் உண்டு, என் நாக்கு அதற்கு வளையாது. எங்கள் வீட்டில் அது கரிப்பலகை.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த வருடம் என் மகன் ஞானையனுக்கு அவளைக் கட்டி வைத்தேன். எங்கள் ஊர் மலையடிவாரம். வீட்டுக்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அக்கரையில் பெரிய பாறை, பாறைக்கு அப்புறம் காடு. அவள் கொண்டுவந்த நாலு பலகையும் ஒரு வருடத்தில் தீர்ந்தன. பிறகு தானே செய்ய ஆரம்பித்தாள். பலாப் பலகையை இழைத்து, வெள்ளைக் களிமண்ணையும் முந்திரிக் கொல்லாமரத்துப் பிசினையும் குழைத்து ஐந்து பூச்சு. இனயத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிறவளிடம் சொல்லிவைத்து வாங்கிய பெரிய சோழியால் கண்ணாடி மாதிரித் தேய்ப்பாள். புன்னையெண்ணெய் விளக்குக்கு மேல் சட்டியைக் கவிழ்த்து, படிகிற கரியை எடுத்து மேலே பூசுவாள்.

முதலில் எனக்கும் பிடிக்கவில்லை. சட்டியில் மீன் இருக்க வேண்டிய நேரத்தில் கரி இருந்தால் யாருக்குப் பிடிக்கும்? ஆனால் ஒருநாள் முள்ளம்பன்றி ஒன்றைக் கீறி வைத்திருந்தாள். முள் ஒவ்வொன்றும் ஒரு கீறல். விரலைக் கிட்டே கொண்டுபோய், குத்திவிடுமோ என்று இழுத்துக்கொண்டேன். அதோடு என் வாய் அடங்கிற்று. மரநாய், ஆந்தை, மலையணில் என்று ஒவ்வொன்றாக மிஸியம்மாவுக்குப் போயின.

இந்த வேலையில் ஒன்று உண்டு. சுவரில் வரைகிறவன் பிழை செய்தால் மேலே சுண்ணாம்பு அடித்துவிடலாம். கரிப்பலகையில் கீறினது கீறினதுதான். மறுபடி கரி பூசினால் அந்த இடம் மட்டும் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் என் மருமகள் கண்ணைத்தான் முதலில் கீறுவாள்.

"கண்ணு பெழச்சா மத்ததெல்லாம் வெட்டி வேல, மாமி. உடம்பு பூரா கீறி முடிச்சிட்டுக் கண்ணுல கை தவறினா பத்து நாள் பாடு போச்சு."

நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மாடனுக்குச் சிலை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். ஆடு வெட்டி, பந்தம் பிடித்து, எதிரே ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு திறப்பார்கள். உடம்பு இல்லாமல் கண்ணைத் திறந்தால் அந்தக் கண் உடம்பு தேடிப் போகும் என்று சொல்வது உண்டு. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், அதெல்லாம் நம்புவதில்லை. நம்புவதில்லை என்று சொல்வோம்.

அந்த வருடம், வெள்ளத்துக்கு ஏழு வருடம் கழித்து, பாறைக்குப் புலி வந்தது. புள்ளிப்புலி, கடுவன், அதாவது ஆண். மத்தியானத்தில் பாறைமேல் படுத்து வெயில் காயும். சத்தியபாய் பாத்திரம் கழுவி முடித்ததும் இக்கரையில் பலாமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒன்பது நாள் பார்த்தாள், ஒரு கீறல் கூடப் போடாமல். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாள். எனக்குப் பாறை தெரிந்தது, வெயில் தெரிந்தது, புலி தெரியவில்லை.

"எடது காதப் பாருங்க மாமி. நுனி ரெண்டாக் கிழிஞ்சிருக்கு."

காது அசைந்த பிறகுதான் புலியே எனக்குத் தெரிந்தது. அப்புறம் வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்தாம் நாள் பலகையில் கண்ணைக் கீறினாள். இரண்டு கண் மட்டும், சுற்றிலும் கறுப்பு. பலகையை அடுக்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அடுத்த வீட்டுச் சொர்ணம்மாள் கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள். வந்தவள் கறிவேப்பிலை வாங்காமலே போனாள்.

ஒரு வாரத்தில் படம் முடிந்தது, கிழிந்த காது உட்பட. படம் முடிந்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், ஓடைக்கரையில் தாணம்மாளின் ஐந்து வயது மகளைப் புலி எடுத்துக்கொண்டு போயிற்று. தாயின் கண்முன்னால். மறுநாள் பாறைக்குப் பின்னால் கிடைத்ததைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. "வெறுங்கண்ணு ரெண்டையும் நான் பாத்தேன். அதுதான் உடம்பு தேடிப் போச்சு" என்று சொர்ணம்மாள் வீடுவீடாகச் சொன்னாள். பிள்ளையில்லாதவள் ஊர்ப் பிள்ளைமேல் கண் வைத்தாள் என்று வேறொருத்தி சேர்த்தாள். எங்கள் வாசலில் சாணி கரைத்து ஊற்றினார்கள். கிணற்றில் இவள் வாளியைப் போட்டால் மற்றவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டார்கள். ஊரில் பிள்ளைகள் யாரும் ஓடைப்பக்கம் போகக் கூடாது என்று பெரியவர்கள் கட்டளை போட்டார்கள். அது ஒன்றுதான் நல்ல காரியம்.

பதினோராம் நாள் புதன்கிழமை, மிளகுத் தோட்டத்துப் பகவதியப்பன் ஒரு புலியைச் சுட்டார். இந்தப் பகுதியில் துப்பாக்கி லைசன்சு அவர் ஒருவருக்குத்தான். அவர் தோட்டத்தில்தான் என் மகன் கங்காணி. மூங்கிலில் காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கோயில் மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே கூடிவிட்டது.

"நெஞ்சில ஒண்ணு" என்றார் பகவதியப்பன். "அலறக்கூட அதுக்கு நேரம் கெடைக்கல்ல."

"அண்ணாச்சி இருக்கும்போ நமக்கென்ன பயம்!" என்று நாலு பேர்.

நானும் சத்தியபாயும் ஓரமாக நின்றோம். அவள் கூட்டத்துக்குள் நுழைந்து புலியின் தலைமாட்டில் குனிந்தாள். ஒரு காதைத் தொட்டாள், மறு காதைத் தொட்டாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

ஞானையன் அவள் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னான். "பாத்தாச்சில்லா? வா வீட்டுக்கு. இனி ஒன்னய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ. எல்லாம் முடிஞ்சாச்சு."

"இது அது இல்ல."

"ஏட்டி, மெல்லப் பேசு."

"காது ரெண்டும் முழுசா இருக்கு. இது பெட்ட. மடியில பால் கெட்டியிருக்கு."

"சத்தியபாயி, நான் சொல்லுகதக் கேளு. செத்தது புலி. அதோட போவட்டும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதைத்தான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் அவள்மேல் விழுந்த பழி அந்த மூங்கிலோடு போய்விடும். திறந்தால், அந்தப் பழி அவள் தலையில்தான் வந்து உட்காரும். என் மகன் வேலையும் போகும். இத்தனையும் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தோம். உலை வைத்தாள். அரிசி களைந்தாள். அப்போது பின்பக்கமிருந்து சத்தம் கேட்டது. பதினொரு நாளாகக் கேட்காத சத்தம். பிள்ளைகள் ஓடையில் தண்ணீர் அடித்து விளையாடுகிறார்கள். கட்டளை நீங்கிவிட்டது அல்லவா?

களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு ஓடைக்கு ஓடி, பிள்ளைகளை அடித்து விரட்டினாள். பிறகு வந்து கரிப்பலகையை எடுத்தாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

மைதானத்தில் அவள் பலகையைத் தூக்கிப் பிடித்ததும் கூட்டம் பின்னால் போயிற்று.

"கண்ண மூடுங்க பிள்ளேளே! அதப் பாக்காதிங்க!" என்று கத்திக்கொண்டே சொர்ணம்மாள் முந்தானையால் முகத்தை மூடினாள். ஒரு கண் மட்டும் வெளியே இருந்தது.

"பிள்ளைய எடுத்தது இந்தப் புலி. எடது காதப் பாருங்க. அது இன்னும் உயிரோட இருக்கு. பிள்ளேள ஓடைக்கு விடாதிங்க" என்றாள் சத்தியபாய்.

பகவதியப்பன் சிரித்தார். "பலகை வந்து சாட்சி சொல்லுதோ? காது வெடிச் சத்தத்தில ஒட்டியிருக்கும் பிள்ளே, போ."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. தாணம்மாள் வந்துகொண்டிருந்தாள். மகள் போன நாள் முதல் ஒரு வார்த்தை பேசாதவள், தலைவிரி கோலமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை எடுத்துக் கிழிந்த காதின்மேல் வைத்தாள்.

"இந்தக் காது. எனக்க பிள்ளைய எடுத்த புலிக்கு இந்தக் காதாக்கும்."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. பெற்றவள் சொல்லிவிட்டாள், இனி யார் மறுக்க முடியும்? என் மருமகளும் அப்படித்தான் நினைத்தாள், பலகையைத் தாழ்த்தினாள்.

"கேட்டியளா?" என்றாள் சொர்ணம்மாள், முந்தானையை எடுத்துவிட்டு. "பிள்ளைய எடுத்த புலிக்குக் காது கிழிஞ்சது இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு மயிரு மாறாம எப்படிக் கீறினா? இந்தப் பலகையில இருந்துல்லா எறங்கிப் போயிருக்கு!"

ஒருவர் முகத்தில்கூடச் சந்தேகம் இல்லை. படம் சரியாக இல்லாதிருந்தால் அவளைப் பொய்க்காரி என்று விட்டிருப்பார்கள். அத்தனை சரியாக இருந்ததுதான் அவள் குற்றமாயிற்று.

வெள்ளிக்கிழமை சபைப் பெரியவர்கள் கூடினார்கள். ஞாயிறு, விளைச்சலுக்கு நன்றி சொல்லுகிற ஸ்தோத்திரப் பண்டிகை. அன்று சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் சுமந்து, ஓடைக்கரை வழியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு கோயிலுக்கு வருவது எங்கள் வழக்கம். அந்த வழி பாறைக்கு நேர் கீழே போகிறது.

சபையை நடத்துகிற உபதேசியார் நல்ல மனிதர். யாருக்கும் மனவருத்தம் வரக் கூடாது அவருக்கு. "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல, அம்மா" என்றார் சத்தியபாயிடம். "ஆனா ஜனங்களுக்கு மனசமாதானம் வேணும். பண்டிகைக்கு முன்ன கோயில் நடையில வச்சு அந்த ரெண்டு கண்ணையும் சுரண்டி எடுத்திரு. பொறவு ஒருத்தரும் பேசமாட்டாவ. இல்லேன்னா திருவிருந்துல ஒன்னயச் சேத்துக்கிட முடியாது."

"கண்ணச் சுரண்டியாச்சுன்னா பிள்ளேள ஓடை வழியா விடுவியளா?"

"எப்பவும் போற வழிதானே மக்களே."

"அப்பிடின்னா சுரண்டமாட்டேன், ஐயா. கண்ணச் சுரண்டினா படம்தான் குருடாவும். புலி குருடாவாது."

சனிக்கிழமை காலையில் பகவதியப்பனிடமிருந்து ஞானையனுக்கு ஆள் வந்தது. சாயங்காலத்துக்குள் பலகை கோயிலுக்கு வராவிட்டால் தோட்டத்துக்கு வேறு கங்காணி பார்த்துக்கொள்கிறாராம். ஆள் போனதும் என் மகன் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். ரேந்தை ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"நீ செய்யாண்டாம். நான் செய்யுகேன்."

அவள் தடுக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஊசியைப் புலியின் வலது கண்ணுக்கு நேரே கொண்டுபோனான். நெல்மணி அளவுதான் இடைவெளி. நானும் குனிந்து பார்த்தேன். அந்தக் கண்ணில் வெயில் இருந்தது, ஓடை இருந்தது, இக்கரையில் பலாமரத்துக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்ட சலிப்பு இருந்தது. அவனாலும் முடியவில்லை. ஊசியைத் தரையில் வீசிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

என் மகன் கெட்டவன் இல்லை. பயந்தவன். பயந்தவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"தக்கலை சர்க்கார் கச்சேரியில கொண்டு காட்டுகேன்" என்றாள் சத்தியபாய். "அங்க துப்பாக்கிக்காரங்க உண்டு. பாறை இருக்க எடம், அது வரப்பட்ட நேரம், எல்லாம் எனக்குத் தெரியும். சொன்னா வருவாவ."

"பகவதியப்பன் அண்ணாச்சி பொய் சொன்னாருன்னு கச்சேரியில போய்ச் சொல்லப் போறியா?"

"அவரு பொய் சொல்லல்ல. வேற புலியச் சுட்டாரு."

அவன் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றான். "இந்த நடைய விட்டு எறங்கினா, திரும்பி ஏறாண்டாம்."

நான் அடுக்களைக்குப் போனேன். கொல்லையில் அறுத்து வைத்த வாழையிலைகள் இருந்தன. கரிப்பலகையில் துணி உராய்ந்தால் கரி ஈஷிவிடும், காகிதம் ஒட்டிக்கொள்ளும். வாட்டின இலைதான் வழுக்கிக்கொண்டு நிற்கும். தணலில் இலையை வாட்டினேன். பளபளப்பான பக்கம் படத்தைத் தொடுகிற மாதிரி வைத்துச் சுற்றினேன். வாழைநாரால் நாலு பக்கமும் கட்டினேன். கிணற்றடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பொதிச்சோறு. அவர்களுக்கு அதைவிட வேறு என்ன தோன்றும்?

"மாமி, நாளைக்குப் பிள்ளேள ஓடை வழியா..."

"அத நான் பாத்துக்கிடுகேன். எனக்க பொணத்தத் தாண்டித்தான் போவணும்."

போகவில்லை. பண்டிகையன்று மத்தியானமே ஓடைவழியில் குறுக்கே பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிழவிக்குப் பித்து என்று சொல்லி, பிள்ளைகளை ரோட்டு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போனார்கள். நாலாம் நாள் தக்கலையிலிருந்து மூன்று துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். அவள் சொல்லியனுப்பிய பலாமரத்துக்குப் பின்னால் அவள் சொன்ன நேரத்தில் உட்கார்ந்தார்கள். சுட்ட கடுவனின் இடது காது நுனி இரண்டாகக் கிழிந்திருந்தது. ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவராவது நாகர்கோவிலுக்குப் போய், அச்சுக்கூடத்துக்குப் படம் கீறிப் பிழைக்கிற அவளை, வா மக்களே என்று கூப்பிட்டார்களா? புலியை வைத்து அவள்மேல் பழி போட முடியாமல் போனதும் பொதிச்சோற்றை வைத்துப் போட்டார்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை.

பொதியோடு முன்கட்டுக்கு வந்தேன். ஞானையன் கதவை மறித்து நின்றான். பெற்ற பிள்ளை. அவன் தோளைப் பிடித்து ஒதுக்கினேன், ஒதுங்கினான். தாழை நீக்கினேன். வெயில் உள்ளே வந்தது. கிணற்றடியில் ஆறு வாளியும் அப்படியே நின்றன.

சத்தியபாய் பொதியைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்தாள். புருஷனை ஒருமுறை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். முதல் படி இறங்கினாள், இரண்டாம் படியில் நின்று திரும்பினாள்.

"மாமி, வழியில எல கிழிஞ்சிராதில்லா?"

"ரெட்ட எல வச்சுக் கெட்டியிருக்கேன். நீ போ."